இறங்காத கண்ணாடி

யாராவது கண்ணாடியைத் தட்டினால் ஆரோக்கியம்மாள் கதவையே திறந்துவிடுகிறார். பாதியாக இல்லை, முழுசாக. இடது கை ஸ்டியரிங்கில் இருக்க, வலது காலைத் தரையில் ஊன்றி, "ம், சொல்லுங்க" என்கிறார். வழி கேட்பவர், பூ விற்பவர், போக்குவரத்துக் காவலர் என்றெல்லாம் ஆள் பார்ப்பதில்லை. எல்லாருக்கும் முழுக் கதவு. சிதம்பரம் கீழ வீதியில் சைக்கிள்காரர்கள் அந்த வெள்ளைக் காரைக் கண்டாலே தள்ளித்தான் போகிறார்கள். "கண்ணாடிய எறக்கிப் பேசக் கூடாதா?" என்று ஒரு சவாரிக்காரர் கேட்டார். கேட்ட இடம் சிதம்பரம். பதில் முடிந்த இடம் கடலூர் முதுநகர்.

அந்தப் பதில் எப்போதும் ஒரே மாதிரிதான் தொடங்கும். "கண்ணாடி எறங்காது. ஏன் எறங்காதுன்னு கேளுங்க. நடராசர் எறக்க விடலியாம்."

ஐம்பதைத் தொட்டுவிட்ட ஆரோக்கியம்மாள், ஸ்கூல் வேன் ஓட்டிப் பழகியவர். பிள்ளைகளை அதட்டி வளர்ந்த தொண்டை, வேனை விட்டு டாக்ஸி எடுத்த பிறகும் அப்படியே இருக்கிறது. சேலைமேல் கணவர் சார்லஸின் பழைய முழுக்கைச் சட்டை. செருப்பைக் கழற்றிப் பக்கத்து இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டு வெறுங்காலோடுதான் ஓட்டுவார். "பிரேக்கு என் காலோட பேசணும், செருப்போட என்னா பேச்சு?" காருக்குள் பிரியாணிப் பொட்டலம் பிரிக்கக் கூடாது. முன் இருக்கையின் முதுகில் முட்டியை வைக்கக் கூடாது. போனில் சத்தமாகப் பாட்டு வைத்தால் வண்டி ஓரங்கட்டப்படும். வாந்தி எடுக்கும் குழந்தைக்கு மட்டும் சலுகை உண்டு: அதன் கையில் ஓர் எலுமிச்சம்பழம், தாயின் கையில் ஒரு பாலித்தீன் பை, தகப்பனுக்கு ஒரு முறைப்பு.

கோபத்திலும் அவருக்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது. காலையில் பொதுக் கோபம்: வேகத்தடை, நடுரோட்டில் நெல் காயவைப்பவர்கள், இண்டிகேட்டர் போட்டுக்கொண்டு நேராகப் போகிறவர்கள். வெயில் ஏறியதும் ஷோரூம் கோபம் தொடங்கிவிடும். பொதுக் கோபம் டீ குடித்தால் ஆறும். ஷோரூம் கோபத்துக்கு அந்த வசதி இல்லை.

காருக்கு வந்திருக்கும் நோய் விசித்திரமானது. நான்கு கண்ணாடிகளும் இறங்குவதில்லை. இடது இண்டிகேட்டரைப் போட்டால் வைப்பர் ஓடுகிறது. பிரேக்கை மிதித்தால் உள்விளக்கு கண்ணடிக்கிறது. வானத்தில் ஒரு பொட்டு மேகமில்லாத வெயிலில், வைப்பரை ஆட்டிக்கொண்டே அந்த வெள்ளைக் கார் தெற்கு வீதியில் திரும்பும்போது டாக்ஸி ஸ்டாண்டே எழுந்து நின்று பார்க்கிறது.

"அக்கா, லெப்ட்ல திரும்புறீங்களா, இல்ல மழை வரும்னு சொல்றீங்களா?" என்கிறார் அதே ஸ்டாண்டின் செந்தமிழ்செல்வன்.

"உன் வாய்ல புயல் வரும்னு சொல்றேன். வழிய வுடுறா."

சிரிப்பெல்லாம் புரட்டாசி மாதம் வரைதான். இந்தக் கரையோரத்தில் ஐப்பசி பிறந்துவிட்டால் வானம் கேட்டுவிட்டுப் பெய்யாது. வெயிலில் ஓடும் அந்த வைப்பர், சென்ற வாரம் பெய்த முதல் தூறலில் ஓட மறுத்து நின்றது. ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பெரியவரைப் பின்னால் வைத்துக்கொண்டு, கண் தெரியாமல் புதுச்சத்திரத்தில் ஓரங்கட்டி நின்றார் ஆரோக்கியம்மாள். கதவைத் திறந்து, வெளியே வந்து, முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து ஓட்டினார். மழைக்காலம் முழுக்க அப்படி ஓட்ட முடியாது. ஓட்டாவிட்டால் வீட்டில் அடுப்புக்கு வேறு வழியும் கிடையாது. சார்லஸ் முதுகெலும்பு ஆபரேஷனுக்குப் பிறகு கனமாக எதையும் தூக்குவதில்லை, மனைவியின் கோபத்தைத் தவிர.

நோய்க்குக் காரணம், டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் ஒரு கறுப்பு டப்பா. ஜன்னல், வைப்பர், விளக்கு எல்லாவற்றுக்கும் உத்தரவு அங்கிருந்துதான் போகிறதாம். அதற்குப் புத்தி பேதலித்துவிட்டது. புதிது மாற்ற வேண்டும். அதன் விலையை ஆரோக்கியம்மாள் வாயால் சொல்லமாட்டார். சொன்னால் பாதி ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடுமாம். எதற்குச் சொல்ல வேண்டும்? காருக்கு இன்னும் வாரண்டி இருக்கிறது.

இருக்கிறது என்று அவர் சொல்கிறார். இருந்தது என்று கடலூர் பைபாஸ் ஓரத்து ஷோரூம் சொல்கிறது.

வாரண்டி விஷயத்தில் ஆரோக்கியம்மாளைப் போலப் பயந்து நடந்தவர் இந்த மாவட்டத்தில் இருக்கமாட்டார். மழைத்தண்ணி ஏறாமல் இருக்க ஸ்டாண்டில் பாதிப் பேர் ஸ்பிரிங்குக்கு நடுவே ரப்பர் சொருகிக் காரை உயரத் தூக்கியிருக்கிறார்கள். ஒருவர் பஸ் ஹாரன் மாட்டியிருக்கிறார். இன்னொருவர் காருக்கு அடியில் நீல விளக்கு போட்டு, ராத்திரியில் தரையில் மிதக்கிற மாதிரி வருகிறார். இவர் எதையும் செய்யவில்லை. வெளியில் வாங்கினால் ஏதாவது சொல்வார்கள் என்று, காலடி மிதியடியைக்கூட ஷோரூமிலேயே கேட்டு வாங்கினார். பஸ் ஹாரன்காரருக்கு ஃபியூஸ் கருகி வாரண்டி மறுக்கப்பட்டபோது, ஸ்டாண்டில் அதை ஆதரித்துப் பேசிய ஒரே ஆள் இவர்தான். "தானா வெட்டி ஒட்டிக்கிட்டு வந்து நிக்கிறவனுக்கு ஏன்டா குடுக்கணும்? கம்பெனிக்காரன் என்னா உன் மாமனா?"

இப்போது அதே ஹாரன்காரர் தினமும் காலையில் அவரைக் கடக்கும்போது ஒரு தரம் அடித்துவிட்டுப் போகிறார். நீளமாக.

வெட்டி ஒட்டிய கதை இது. கார் எடுத்த அன்று ஷோரூமில் ஒரே அமர்க்களம். காரைப் பட்டுத்துணியால் போர்த்தியிருந்தார்கள். கேக் இருந்தது. ஓர் ஆள் உயரத்துக்கு அட்டையில் செய்த சாவி ஒன்றை ஆரோக்கியம்மாள், சார்லஸ் இருவர் கையிலும் சேர்த்துக் கொடுத்தார்கள். அந்த அட்டைச் சாவி எந்தப் பூட்டையும் திறக்காது என்பது அப்போதே எல்லாருக்கும் தெரியும். அதே மேடையில், அதே புன்னகையோடு வாரண்டியையும் கொடுத்தார்கள். இரண்டும் ஒரே சரக்கு என்பதுதான் அப்போது தெரியவில்லை.

துணியை உருவியதும் டேஷ்போர்டில் நடராஜர் நின்றிருந்தார். சுற்றிலும் திருவாசி, அதன் ஒவ்வொரு சுடரிலும் ஒரு குட்டி பல்பு. "எங்க அன்பளிப்பும்மா. சிதம்பரம் கஸ்டமராச்சே!" என்றார் சேல்ஸ் மேனேஜர் கார்த்திகேசன். புக்கிங்கில் ஊரைப் படித்தவர், பேரைப் படிக்கவில்லை. கார்த்திகேசன் குனிந்து தன் விரலாலேயே சுவிட்சைப் போட, திருவாசி சுற்றிச் சுற்றி எரிந்தது. ஊழியர்கள் கைதட்டினார்கள். போட்டோ எடுத்தார்கள்.

கழுத்தில் சிலுவை தொங்க நின்றிருந்த ஆரோக்கியம்மாளும் கைதட்டினார். "வேணாம்னா அந்த மனுசன் மூஞ்சி வாடிடும். அதுவும் இல்லாம, என் வண்டில ஏறுறவங்க பாதிப் பேரு இவரப் பாக்கத்தான் வராங்க. இவரு முன்னாடி நின்னா எனக்கு என்னா கஷ்டம்?" என்பது அவர் கணக்கு. அன்றிலிருந்து பின்பார்வைக் கண்ணாடியில் ஜெபமாலை, டேஷ்போர்டில் நடராஜர். காலையில் வண்டி எடுக்கும்போது ஒருவருக்குச் சிலுவை போடுவார், மற்றவரைப் பார்த்து, "போலாமா சாமி?" என்பார். இருவருக்கும் இதுவரை எந்தத் தகராறும் வந்ததில்லை. தகராறெல்லாம் ஷோரூமோடுதான்.

அந்தக் கட்டடத்துக்குக் கூரை ஒன்றுதான். நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு. அந்தப் பக்கம் சேல்ஸ்: ஏசி, ரோஜாப்பூ, காபி. இந்தப் பக்கம் சர்வீஸ்: ஃபேன், கிரீஸ், தண்ணீர் கேன். காசு கொடுக்கும்வரை அந்தப் பக்கத்து மனிதர். கொடுத்த பிறகு இந்தப் பக்கத்து மனிதர். இந்தப் பக்கத்து மேசையில் இருப்பவர் அருண்பாண்டியன் என்கிற சர்வீஸ் அட்வைசர். இஸ்திரி போட்ட சட்டை, இஸ்திரி போட்ட முகம். டேஷ்போர்டைக் கழற்றிப் பார்த்துவிட்டு வந்தவர், செய்தியை மெதுவாகச் சொன்னார்.

"அம்மா, உங்க வாரண்டி கேன்சல் ஆவுது. சாமி வெளக்குக்கு ஒரிஜினல் வயர வெட்டி லைன் எடுத்திருக்காங்க."

"எடுத்தது யாரு தம்பி?"

"பக்கத்து ஆக்சஸரீஸ் கடையில."

"அந்தக் கடை யாரோடது?"

"எங்க சேல்ஸ் மேனேஜரோட மச்சானோடது."

"கடைக்காரன கூப்புட்டு மாட்டச் சொன்னது?"

"அது சேல்ஸ்மா."

"நீ யாரு?"

"நான் சர்வீஸ்."

இந்த உரையாடலை ஆரோக்கியம்மாள் சவாரிக்காரர்களுக்கு நடித்தே காட்டுவார். அருண்பாண்டியன் வருகிற இடத்தில் குரலைத் தணித்து, கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து, "நான் சர்வீஸ்" என்பார். கேட்பவர்கள் சிரிப்பார்கள். அவர் சிரிப்பதில்லை.

டப்பா மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. டிக்கியின் பூட்டில் ஒரு ஸ்பிரிங் உடைந்திருந்தது. அதற்கும் வாரண்டி இல்லை என்றார்கள்.

"டிக்கி பூட்டுக்கும் நடராசருக்கும் என்னா தம்பி சம்பந்தம்? அவரு முன்னாடி நிக்கிறாரு, பூட்டு பின்னாடி இருக்கு."

"வயர வெட்டினா வண்டி மொத்தமா மாடிஃபைடு வண்டிம்மா. கம்பெனி அப்பிடித்தான் பாக்கும்."

"அப்ப வெளக்காலதான் போச்சுன்னு எனக்குக் காட்டு."

"காட்ட வேண்டியதில்லம்மா. வெட்டியிருந்தா போதும்."

இதுதான் ஆரோக்கியம்மாளுக்கு ஆறாத இடம். "தூக்கின கால கீழ வெக்காம நிக்கிற மனுசன். அவரா டப்பாவ ஒதைச்சாரு? செய்யறதெல்லாம் செஞ்சிட்டு சாமி பேர்ல எழுதறான் பாருங்க." தன்மேல் பழி விழுந்ததைவிட, பேசாமல் நிற்கும் ஒருவர்மேல் விழுந்ததுதான் அவருக்கு ஜாஸ்தி எரிச்சல்.

சர்வீஸ் பக்கத்துச் சுவரில், கார் வாங்கியவர்களின் போட்டோக்களை வரிசையாக மாட்டியிருக்கிறார்கள். நாற்காலியில் உட்கார வைத்தபோது, ஆரோக்கியம்மாளின் தலைக்கு நேர்மேலே ஆரோக்கியம்மாளே தொங்கினார்: அட்டைச் சாவி, சார்லஸ், எரிகிற நடராஜர், சுவிட்சின்மேல் கார்த்திகேசனின் விரல். மோதிரம் உட்பட எல்லாம் தெளிவு. எழுந்து விரலைத் தொட்டுக் காட்டினார்.

அருண்பாண்டியன் அண்ணாந்து பார்த்தார். "இதுல வெரலு தெரியுதும்மா. வயர் தெரியலியே."

அடுத்த முறை போனபோது போட்டோவையே காணவில்லை. ஆணி மட்டும் அங்கேயே இருந்தது. அதில் ஒரு விளம்பரம் தொங்கியது: 'கூடுதல் வாரண்டி இப்போதே பெறுங்கள். கவலையை எங்களிடம் விடுங்கள்.' ஆரோக்கியம்மாள் அதை இருமுறை படித்துவிட்டுத் தண்ணீர் கேனிலிருந்து ஒரு டம்ளர் பிடித்துக் குடித்தார். அன்றைக்கு அவர் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது என்று சார்லஸ் பின்னால் சொன்னார்.

யோசனை சொல்ல ஆட்களுக்குப் பஞ்சமில்லை. "கழட்டிருங்கக்கா," என்றார் செந்தமிழ்செல்வன். "வயர ஒட்டி, டேப்பு சுத்தி, சாமிய வீட்டுல வெச்சிட்டு வேற ஊரு ஷோரூமுக்கு ஓட்டிட்டுப் போங்க. நாங்கெல்லாம் அப்பிடித்தான். ஹாரன கழட்டிட்டுப் போவோம், வந்ததும் மாட்டிக்குவோம்."

"நீ திருடினத ஒளிச்சி வெக்கிற. நான் எதுக்குடா ஒளிக்கணும்? குடுத்ததே அவன்."

"நெசம் பேசினா வைப்பர் ஓடுமாக்கா?"

"ஓடுதே! வெயில்ல."

கடைசியாக ஷோரூமே ஒரு வழி சொன்னது. அதைக் கேட்கத்தான், புரட்டாசி முடியப்போகும் ஒரு நாள் ஆரோக்கியம்மாள் மறுபடியும் கடலூருக்குப் போனார். அருண்பாண்டியன் இந்த முறை நாற்காலியை நகர்த்திப் போட்டார். அதுவே சரியில்லை.

"மேல பேசிட்டோம்மா. டப்பா செலவுல பாதிய கம்பெனி ஏத்துக்கும். நீங்க ஒண்ணே ஒண்ணு பண்ணணும். வெளக்கு என் சொந்த விருப்பத்துல, நானே வெளியில மாட்டினதுன்னு ஒரு கையெழுத்து."

"நான் மாட்டினேனா?"

"சும்மா ஒரு பார்மாலிட்டிதாம்மா."

"பொய்யின்னு தெரிஞ்சி கையெழுத்து போட்டா பாதி. நெசத்த சொன்னா ஒண்ணுமில்ல. இதான உங்க கணக்கு? தம்பி, என் பேரப் படி. சத்தமா படி."

"...ஆரோக்கியம்மாள்."

"ஆரோக்கியம்மா சொந்த விருப்பத்துல நடராசர் வாங்கி, அவருக்கு சீரியல் லைட்டு போட்டுக்கிட்டாளாம். எழுதறவனாவது கொஞ்சம் யோசிக்க வேணாமா? மாதாவுக்கே நான் மெழுகுவத்திதான்டா ஏத்துறேன்!"

தடுப்புக்கு அந்தப் பக்கம் கைதட்டல் கேட்டது. ஒரு டெலிவரி. நெல்லிக்குப்பத்துக் கரும்பு விவசாயி ராஜமாணிக்கம், குடும்பத்தோடு நின்றிருந்தார். பட்டுத்துணி உருவியாகிவிட்டது. அட்டைச் சாவி கை மாறிவிட்டது. டேஷ்போர்டில் புத்தம்புது நடராஜர். கார்த்திகேசன் மோதிர விரலைத் தயாராக வைத்துக்கொண்டு காருக்குள் குனிந்துகொண்டிருந்தார்.

ஆரோக்கியம்மாள் எழுந்தார். கண்ணாடித் தடுப்பின் கதவைத் தள்ளினார். செருப்பில்லாத கால், பளிங்குத் தரை. யாருக்கும் சத்தமே கேட்கவில்லை.

"போட்டோ எடுக்கறவரே," என்றார் ஸ்கூல் வேன் குரலில். "மேனேஜர் வெரலு நல்லா தெரியிற மாதிரி எடுங்க. வயரும் தெரியணும். பின்னாடி கேப்பாங்க."

கார்த்திகேசனின் விரல் சுவிட்சுக்கு முன்னால் அந்தரத்தில் நின்றது.

"யாரும்மா நீங்க?" என்றார் ராஜமாணிக்கம்.

"உங்கள மாதிரி அட்டச் சாவி வாங்கினவதாங்க. இதே சாமி, இதே சுவிட்சு, இதே வெரலு. இப்ப என் வண்டில கண்ணாடி எறங்கல, மழைல வைப்பர் ஓடல. வாரண்டி கேட்டா, வெளக்கு நானே மாட்டிக்கிட்டேன்னு கையெழுத்து கேக்கறாங்க. இத போட்டதும் உங்க வாரண்டியும் அதோட போச்சு. நல்லாருங்க."

ராஜமாணிக்கத்தின் மனைவி கணவரைப் பார்த்தார். கணவர் மேனேஜரைப் பார்த்தார். "அப்பிடியா சார்?"

"சேச்சே, அவங்களது வேற கேஸ் சார். டெக்னிக்கல்," என்று நிமிர்ந்த கார்த்திகேசன், பெரிய மனது வந்தவர்போலச் சிரித்தார். "நல்ல நேரம் போயிடும். உங்க கையாலயே போடுங்க சார். ராசியா இருக்கும்."

ராஜமாணிக்கம் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார். "நான் ஏற்கெனவே டிராக்டரு வாங்கி வாரண்டி கேட்டவன் சார். நீங்களே போடுங்க."

கார்த்திகேசன் சுற்றிலும் பார்த்தார். போட்டோக்காரர் கேமராவை முகத்திலிருந்து எடுக்கவேயில்லை. கேக் வெட்டும் பெண் கத்தியோடு ஒரு அடி பின்வாங்கினார். தடுப்புக் கதவருகே நின்றிருந்த அருண்பாண்டியன் கண்ணில் பட்டார்.

"அருண், நீ வந்து போடுப்பா."

அருண்பாண்டியன் கழுத்தை ஒரு பக்கம் சாய்த்தார். "சார், நான் சர்வீஸ்."

அந்த ஒரு சொல்லுக்காக, இத்தனை நாளில் முதல் முறையாக, ஆரோக்கியம்மாளுக்கு அந்தத் தம்பிமேல் கொஞ்சம் பிரியம் வந்தது. காட்டிக்கொள்ளவில்லை. எரியாத நடராஜரைப் பார்த்து, "வரேன் சாமி" என்றார். வெளியே போய்க் காரில் ஏறினார்.

அவர் வண்டியைக் கிளப்பி, பைபாஸில் ஏறுவதற்காக இடது இண்டிகேட்டரைப் போட்டார். வைப்பர் ஓடத் தொடங்கியது. சுள்ளென்ற வெயிலில், காய்ந்த கண்ணாடியில் அது கிறீச்சிட்டுக்கொண்டு போய்வந்துகொண்டிருந்தபோது, ஷோரூமிலிருந்து கார்த்திகேசன் ஓடி வந்தார். டை தோளுக்குப் பின்னால் பறந்தது. காரை எட்டிப் பிடித்து, ஓட்டுநர் பக்கக் கண்ணாடியை மோதிரத்தால் தட்டினார். கை அசைந்தது, வாய் அசைந்தது. 'உள்ள வாங்க', 'பேசலாம்', 'ஸ்பெஷல் கேஸ்' என்பதுபோல உதடுகள் குவிந்து விரிந்தன. உள்ளே ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்து இருக்கைக்கு அடியில் செருப்பு இருந்தது. டேஷ்போர்டில் இருந்தவர் தூக்கிய காலைக் கீழே வைக்கவில்லை.

கார்த்திகேசன் ஓர் எட்டு பின்னால் நகர்ந்து நின்றார், திறக்கப்போகும் கதவுக்கு இடம் விட்டு.

ஆரோக்கியம்மாள் கதவின்மேல் கை வைக்கவேயில்லை. கார்த்திகேசனின் முகத்துக்கு நேராக ஆள்காட்டி விரலை எடுத்து, உள்ளிருந்தபடியே கண்ணாடியின் உச்சியில் வைத்து, மேலிருந்து கீழாக, கண்ணாடி இறங்க வேண்டிய அளவுக்கு, மெதுவாக ஒரு கோடு இழுத்துக் காட்டினார்.